இரண்டு முழு நாட்களுக்கு எந்தத் தலைநகரம்? பிராக், வியன்னா, புடாபெஸ்ட்: ஓர் ஒப்பீடு

மத்திய ஐரோப்பாவில் ஒரே ரயில் தடத்தில் அடுத்தடுத்து அமைந்திருக்கும் பிராக், வியன்னா, புடாபெஸ்ட் ஆகிய மூன்று தலைநகரங்களில் ஒன்றுக்கு மட்டுமே நேரம் இருக்கும்போது எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி, அலுவல் நிமித்தமாக ஜெர்மனிக்கு வந்து வார இறுதியோடு ஒரு நாள் விடுப்பைச் சேர்த்துக்கொள்பவருக்கும், பாரிஸில் உள்ள உறவினர் வீட்டிலிருந்து மூன்று இரவுகள் எங்காவது போய்வர நினைப்பவருக்கும் ஒன்றுபோலவே எழுகிறது. மூன்றும் 1918 வரை ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தின் ஆட்சியில் இருந்தவை. மூன்றிலும் பெரிய அரண்மனையும் வானளாவும் தேவாலயமும் டிராம் வண்டிகளும் உண்டு. விளம்பரப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் எது எந்த ஊர் என்று பிரித்துச் சொல்வதே புதியவருக்குக் கடினம். நேரில் போய் இறங்கினால், குறுகிய காலப் பயணி ஒருவருக்கு இவை மூன்றும் தரும் அனுபவம் முற்றிலும் வெவ்வேறானது.

எந்த நகரம் அழகானது என்று விவாதிப்பதில் பயன் இல்லை, மூன்றுமே அழகானவைதான். இரண்டு முழு நாட்கள், அதாவது தூக்கமும் சாப்பாடும் போக ஏறத்தாழ இருபது மணி நேரம் மட்டுமே கையில் உள்ளவர் கேட்க வேண்டியது வேறு: ஓர் ஊரின் சிறப்பில் எவ்வளவு பங்கு தெருவில் நின்றபடியே கண்ணுக்குக் கிடைக்கிறது, எவ்வளவு பங்கு சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, உள்ளே போன பிறகே கிடைக்கிறது? ஒரு வாரம் தங்குபவருக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. இரண்டு நாள் பயணிக்கு எல்லாமே இதில்தான் அடங்கியிருக்கிறது, ஏனெனில் உள்ளே போய்ப் பார்க்க வேண்டிய ஒவ்வோர் இடமும் அரை நாளை எடுத்துக்கொள்கிறது. அரை நாட்கள் மொத்தம் நான்குதான் இருக்கின்றன.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் முதலில் பின்தங்குவது வியன்னாதான். அதற்குக் காரணம் அதன் குறையன்று, செல்வம். ஷோன்புருன் அரண்மனையில் 1,441 அறைகள் உள்ளன. பொதுமக்கள் பார்க்கக்கூடியவை அவற்றில் ஒரு சிறு பகுதி மட்டுமே என்றாலும், நேரம் குறிக்கப்பட்ட சீட்டோடு அவற்றைச் சுற்றி வந்து, பின்புறத் தோட்டத்தில் நடந்து, மேட்டில் இருக்கும் குளோரியெட் மண்டபம் வரை ஏறி இறங்கினால் ஒரு காலைப் பொழுது முடிந்துவிடும். ஆறு வயதுச் சிறுவன் மொசார்ட் 1762-இல் பேரரசி மரியா தெரேசா முன்னிலையில் வாசித்த அரண்மனை இது என்பது தெரிந்தவர்கள் அதை அவசர அவசரமாகப் பார்க்கவும் விரும்பமாட்டார்கள். அடுத்தது 1891-இல் திறக்கப்பட்ட கலை வரலாற்று அருங்காட்சியகம். மூத்த பீட்டர் புரூகலின் ஓவியங்கள் உலகிலேயே மிக அதிகமாக இருப்பது இங்குதான். 1565-இல் அவர் வரைந்த ‘பனியில் வேட்டைக்காரர்கள்’ ஓவியத்தின் முன் நின்றால், முன்புறம் களைத்துத் திரும்பும் மனிதர்களையும் நாய்களையும் பார்த்து முடித்த பிறகுதான், கீழே உறைந்த குளத்தின் மேல் சறுக்கி விளையாடும் எறும்பளவு உருவங்கள் ஒவ்வொன்றாகக் கண்ணில் படத் தொடங்கும். அந்த ஓர் ஓவியத்துக்கே அரை மணி நேரம் தகும். கிளிம்ட்டின் ‘முத்தம்’ ஓவியம் இருப்பது பெல்வெடேர் அரண்மனையில். அது நகரின் இன்னொரு பக்கம். இத்தனைக்கும் ஹோஃப்பர்க் அரண்மனையின் அருங்காட்சியகங்கள் இன்னும் கணக்கில் வரவில்லை.

வியன்னாவின் வெளிப்புறமும் பார்க்கத் தக்கதுதான் என்று சொல்வார்கள், அது உண்மை. 1857 டிசம்பரில் பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசப் நகர மதிலை இடிக்க உத்தரவிட்டார். மதிலும் அதைச் சுற்றியிருந்த வெற்று நிலமும் இருந்த இடத்தில் உருவான ரிங்ஸ்ட்ராஸே என்னும் வட்டச்சாலை 5.3 கிலோமீட்டர் நீளம் கொண்டது. நாடாளுமன்றம் கிரேக்கக் கோயில்போல, நகரமன்றம் கோதிக் தேவாலயம்போல, அருங்காட்சியகங்கள் இத்தாலிய மறுமலர்ச்சி மாளிகைகள்போல என்று ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒவ்வொரு காலத்தின் வேடம் போட்டிருக்கிறார்கள். டிராமில் உட்கார்ந்தபடி பார்க்க அது மிக நன்றாக இருக்கும். ஆயினும் அந்த அகலமான சாலை, பேரரசின் கம்பீரத்தைக் காட்டுவதற்காகக் கட்டப்பட்டதேயன்றி, நடந்து போகிறவர் சந்துக்குச் சந்து எதையாவது கண்டெடுப்பதற்காகக் கட்டப்பட்டதன்று. டான்யூப் நதியும் இங்கே நகரின் நடுவே ஓடுவதில்லை. பழைய நகரைத் தொட்டுக்கொண்டு போவது அதன் கால்வாய்தான். நதிக்கரை அழகை எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்.

இவ்வளவு சொன்ன பிறகும், இரு வகையினருக்கு வியன்னாவே சரியான தெரிவு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருவர், இசைக்காகவோ ஓவியத்துக்காகவோ மட்டும் வருபவர். 1869-இல் திறக்கப்பட்ட அரசு ஓப்பரா அரங்கில், செப்டம்பர் முதல் ஜூன் வரையிலான பருவத்தில் ஏறத்தாழ அன்றாடம் நிகழ்ச்சி உண்டு; உட்காரும் இருக்கைகளின் விலை நூற்றுக்கணக்கான யூரோக்கள் வரை போகும் அதே அரங்கில், நின்று பார்க்கும் இடங்களுக்கு ஓர் எளிய உணவுக்கு ஆகும் தொகைதான் கட்டணம். இடம் பிடித்தவர்கள் கைப்பிடிக் கம்பியில் தங்கள் கழுத்துத்துணியைக் கட்டி அடையாளம் வைத்துவிட்டு வெளியே போய்வருவது அங்குள்ள நெடுநாள் வழக்கம். மற்றொருவர், வயதான பெற்றோரை அழைத்து வருபவர். சமதளமான நகரம், மெட்ரோ நிலையங்களில் மின்தூக்கி, விமான நிலையத்திலிருந்து நேரே ரயில், நடக்க முடியாவிட்டால் ஒரே ஒரு காப்பியை வாங்கி வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார இடம் தரும் காப்பிக்கடை என்று முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இணக்கமான ஊர் இது. வெள்ளித்தட்டில் காப்பியோடு ஒரு குவளைத் தண்ணீரும் கேட்காமலே வரும். 1873 முதல் ஆல்ப்ஸ் மலை ஊற்றுகளிலிருந்து குழாய்வழி வரும் அந்தத் தண்ணீரை, புட்டித் தண்ணீர் தேடி அலையாமல், எந்தக் குழாயிலும் பிடித்துக் குடிக்கலாம்.

மற்றவர்கள் தீர்மானிக்க வேண்டியது பிராக், புடாபெஸ்ட் ஆகிய இரண்டுக்கும் இடையில்தான்.

பிராக் நகரத்தின் பெரும் வலிமை, அது அழியாமல் தப்பியது. இரண்டாம் உலகப் போரில் அதன் மீதும் குண்டுகள் விழுந்தன. 1945 பிப்ரவரி 14 அன்று நடந்த அமெரிக்கக் குண்டுவீச்சில் நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். ஆனாலும் வார்சா, டிரெஸ்டன், புடாபெஸ்ட் ஆகிய ஊர்களுக்கு நேர்ந்த பேரழிவு இங்கே நேரவில்லை. அதனால்தான், அரசர்கள் முடிசூட்டுக்குப் போன ஊர்வலப் பாதை, வெடிமருந்துக் கோபுரத்தில் தொடங்கி, பழைய நகரச் சதுக்கம் வழியாக, சார்லஸ் பாலத்தைக் கடந்து, மலைமேல் கோட்டை வரை இன்றும் நடந்து போகக்கூடியதாக இருக்கிறது. மொத்தத் தொலைவு ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர். அதற்குள் பதினான்காம் நூற்றாண்டு முதல் பதினெட்டாம் நூற்றாண்டு வரையிலான கட்டடக்கலை முழுவதும், காட்சிக்காகத் திரும்பக் கட்டப்படாமல், மக்கள் வாழ்ந்தும் வழிபட்டும் பழகிய கட்டடங்களாகவே வரிசை கட்டி நிற்கிறது. சதுக்கத்தின் டீன் தேவாலயத்துக்குள் வானியலாளர் டைக்கோ பிராஹே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அவருக்குப் பின் அரசவைக் கணிதவியலாளரான கெப்ளர் கோள்களின் பாதையைக் கணக்கிட்டதும் இந்த ஊரில்தான். வெளியே நகரமன்றச் சுவரில் 1410-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட வானியல் கடிகாரம் இன்றும் ஓடுகிறது. ஒவ்வொரு மணிக்கும் அப்போஸ்தலர் பொம்மைகள் தலைகாட்டும் அந்தச் சில நொடிகளுக்காகப் பெருங்கூட்டம் கூடும். அதைவிடக் கூட்டம் கலைந்த பிறகு கடிகார முகப்பை நின்று நிதானமாகப் பார்ப்பதுதான் பயனுள்ளது. சூரியனும் சந்திரனும் எந்த ராசியில் இருக்கின்றன என்பதை அது காட்டுவதால், பஞ்சாங்கம் பார்த்துப் பழகிய வீட்டிலிருந்து வருபவர்களுக்குப் புரிந்துகொள்வது எளிது.

தமிழ் வாசகர்களுக்கு இந்த ஊரோடு ஒரு தனித்தொடர்பும் உண்டு. 1348-இல் நான்காம் சார்லஸ் நிறுவிய சார்லஸ் பல்கலைக்கழகத்தில்தான், 1927-இல் பிராக் நகரில் பிறந்த தமிழறிஞர் கமில் சுவெலபில் படித்தார், பின்னர் தமிழ் கற்பித்தார். 1968-இல் சோவியத் படைகள் நாட்டுக்குள் புகுந்த பிறகு வெளியேறியவர்களில் அவரும் ஒருவர். பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடமான கரோலினம், சதுக்கத்திலிருந்து சில நிமிட நடைதான்.

பிராக்கைப் பற்றிச் சொல்லப்படும் பெரிய குறை கூட்டம். அது மிகையன்று. கோடைகாலத்து நண்பகலில் சார்லஸ் பாலத்தின் மேல் நடப்பது திருவிழாத் தேர் வரும் மாட வீதியில் எதிர்த்திசையில் நடப்பதுபோலத்தான் இருக்கும். ஆனால் இந்தக் குறைக்கு மாற்று உண்டு என்பதுதான் என் தீர்ப்பைப் பிராக் பக்கம் சாய்க்கிறது. பாலத்துக்குக் கதவு கிடையாது, சீட்டு கிடையாது, திறக்கும் நேரமும் கிடையாது. ஜூன் மாதத்தில் ஐந்து மணிக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடும்; அந்த நேரத்தில் பாலத்தின் மேல் இருப்பவர்கள் ஒரு சில புகைப்படக்காரர்களும் இரவு முழுதும் விழித்திருந்து அறைக்குத் திரும்பும் இளைஞர்களும் மட்டுமே. 1357-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, பீட்டர் பார்லர் என்ற கட்டடக் கலைஞரின் மேற்பார்வையில் எழுந்த 516 மீட்டர் நீளமுள்ள அந்தக் கற்பாலத்தின் இருபுறமும் முப்பது சிலைத் தொகுதிகள் நிற்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை இப்போது நகல்கள். மூலச் சிற்பங்கள் பாதுகாப்புக்காக வேறிடத்துக்கு மாற்றப்பட்டுவிட்டன. 1683-இல் வைக்கப்பட்ட நெபோமுக் ஜான் சிலை வெண்கலத்தாலானது. அரசனின் ஆணையால் 1393-இல் வல்டாவா நதியில் வீசப்பட்ட அந்தப் பாதிரியாரின் கதையைச் சொல்லும் புடைப்புப் படங்கள் பீடத்தில் பதிக்கப்பட்டுள்ளன. வேண்டுதலோடு தொட்டுத் தொட்டு, கை படும் இடங்கள் மட்டும் பொன்போல மின்ன, மற்ற இடங்கள் கரும்பச்சையாகவே இருக்கின்றன. நண்பகலில் அதன் முன் தொடுவதற்கும் படமெடுப்பதற்கும் வரிசை நிற்கும். விடியற்காலையில், விழுகின்ற உருவம் எது, தள்ளுகின்ற வீரன் யார் என்று விரல்வைத்துத் தேடிப் பார்க்க அவகாசம் கிடைக்கும்.

கோட்டை அவ்வாறன்று, அதற்கு நேரம் கணக்கிட்டுச் செல்ல வேண்டும். ஏறத்தாழ 70,000 சதுர மீட்டர் பரப்பில் விரிந்த அந்த வளாகத்தின் முற்றங்களில் கட்டணமின்றி உலவலாம். கட்டடங்களுக்குள் போகத்தான் சீட்டு. புனித விட்டஸ் பேராலயத்தின் கட்டுமானம் 1344-இல் தொடங்கியது, நிறைவெய்தியதோ 1929-இல். ஆகவே மேற்கு வாயிலில் நின்று அண்ணாந்து பார்ப்பவர் ‘இடைக்காலத்துக் கோபுரம்’ என்று வியக்கும் பகுதி பெரும்பாலும் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளுக்குள் எழுந்தது. பழைய பகுதி கிழக்கு முனையில் இருக்கிறது. பழைய அரச மாளிகையில், 1618-இல் பேரரசரின் ஆளுநர்கள் இருவரையும் அவர்களுடைய எழுத்தரையும் வெளியே தூக்கியெறிந்த சன்னலைக் காட்டுவார்கள். அவர்கள் மூவரும் உயிர்பிழைத்துவிட்டார்கள். அந்தச் செயலில் தொடங்கிய போர் முப்பது ஆண்டுகள் நீடித்து ஐரோப்பாவின் பல பகுதிகளைச் சூறையாடியது. பேராலயம், பழைய அரச மாளிகை ஆகிய இவை இரண்டையும் பார்த்தால் போதும். எழுத்தாளர் காஃப்கா சில காலம் எழுத வந்துபோன சிறுவீடு இருக்கும் பொற்சந்து, பெயருக்கேற்ப மின்னுவதில்லை. நெருக்கமான அந்தச் சந்தில் செலவிடும் நேரத்தைத் தோட்டங்கள் வழியாக இறங்கி நடப்பதில் செலவிடலாம் என்பது என் கருத்து.

யோசெஃபோவ் என்னும் யூதர் பகுதியை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் விட்டுவிடக் கூடாது. ஏறத்தாழ 1270-இல் கட்டப்பட்ட பழைய-புதிய தொழுகைக்கூடமும், இடமில்லாமல் அடுக்கடுக்காக மண் போட்டுப் புதைத்ததால் நடுகற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நெருக்கி நிற்கும் பழைய இடுகாடும் இங்கே உள்ளன. பிங்காஸ் தொழுகைக்கூடத்தின் சுவர்களில், இன்றைய செக் நாட்டின் பகுதிகளான பொஹீமியாவிலும் மொராவியாவிலும் நாஜிகளால் கொல்லப்பட்ட ஏறத்தாழ 78,000 யூதர்களின் பெயர்கள் கையால் எழுதப்பட்டிருக்கின்றன. தூரத்திலிருந்து சுவரில் ஏதோ சாம்பல் நிறக் கோலம் இருப்பதாகத்தான் தோன்றும். ஒரு முழ தூரத்துக்கு வந்த பிறகே அவை சிவப்பிலும் கறுப்பிலும் எழுதிய பெயர்கள், பிறந்த நாட்கள், இறந்த நாட்கள் என்று தெரியும். கம்யூனிச ஆட்சிக் காலத்தில் இந்தப் பெயர்கள் அழிந்துபோயிருந்தன. 1989-க்குப் பிறகு மீண்டும் எழுதினார்கள்.

புடாபெஸ்ட்டுக்கு வருவோம். பலரும் அறியாத ஓர் உண்மையை முதலில் சொல்ல வேண்டும்: மூன்றில் பழமைத் தோற்றத்தைப் பெரிதாகக் காட்டும் இந்த நகரம், வயதில் இளையது. பூடா, ஓபூடா, பெஸ்ட் ஆகிய மூன்று ஊர்கள் ஒன்றாக்கப்பட்டதே 1873-இல்தான். நாம் படங்களில் காணும் நகரம் பெரும்பாலும் அதற்குப் பின்வந்த நாற்பது ஆண்டுகளில், மாஜர் (ஹங்கேரிய) மக்கள் இந்நிலத்தில் குடியேறியதன் ஆயிரமாண்டு நிறைவை 1896-இல் கொண்டாடுவதற்காகவும் வியன்னாவுக்குத் தாங்கள் சளைத்தவர்கள் அல்லர் என்று காட்டுவதற்காகவும் கட்டப்பட்டது. இடைக்காலக் கோட்டைபோலத் தோன்றும் மீனவர் கொத்தளம் 1902-இல் முடிந்தது. அதன் மேலிருந்து யாரும் எந்தப் போரையும் எதிர்கொள்ளக் கட்டவில்லை, காட்சி பார்க்கவே கட்டினார்கள். நாடாளுமன்றம் 1904-இல் நிறைவுற்றது. அதன் குவிமாடத்தின் உயரம் 96 மீட்டர். மாஜர்கள் வந்து சேர்ந்ததாகக் கருதப்படும் 896-ஆம் ஆண்டைக் குறிக்கும் எண் அது. போதாக்குறைக்கு, 1944 டிசம்பர் இறுதி முதல் 1945 பிப்ரவரி வரை நீடித்த முற்றுகையில் கோட்டைக் குன்று நொறுங்கியது. பின்வாங்கிய ஜெர்மானியர்கள் டான்யூப் மீதிருந்த பாலங்கள் அனைத்தையும் தகர்த்தார்கள். 1849-இல் திறக்கப்பட்ட சங்கிலிப் பாலம், சரியாக நூறு ஆண்டுகள் கழித்து 1949-இல் மறுபடி திறக்கப்பட்டது.

இதனால் புடாபெஸ்ட் போலியானது என்றாகிவிடாது. இடைக்காலத்தைத் தேடி வருபவர்கள் இங்கே தேடக் கூடாது, அவ்வளவுதான். இங்கே பார்க்க வேண்டியது நதி. வியன்னா கைவிட்ட டான்யூபை இந்த ஊர் நடுவீட்டில் வைத்திருக்கிறது. பெஸ்ட் கரையோரமாகப் போகும் 2-ஆம் எண் டிராமில் மாலையில் ஏறினால், எதிர்க்கரையில் கோட்டை அரண்மனையும் மாத்தியாஸ் தேவாலயமும் விளக்கேற்றி நிற்பதைச் சாதாரணப் பயணச்சீட்டின் விலையில் பார்க்கலாம். படகுச் சவாரிக்குக் கொடுக்கும் பணத்தை மிச்சப்படுத்தலாம். நாடாளுமன்றத்துக்குச் சற்றுத் தெற்கே, கரையின் விளிம்பில், இரும்பில் வார்த்த அறுபது ஜோடிக் காலணிகள் 2005 முதல் இருக்கின்றன. 1944-45 குளிர்காலத்தில் ஹங்கேரியப் பாசிசக் கட்சியான அம்புச் சிலுவைக் கட்சியினர் யூதர்களை இங்கே நிறுத்தி, காலணிகளைக் கழற்றச் சொல்லி, சுட்டு ஆற்றில் தள்ளினார்கள். ஆண்கள் காலணி, பெண்கள் காலணி, அவற்றின் நடுவே சிறுபிள்ளைகளின் காலணியும் இருக்கும். சிலவற்றுக்குள் யாரோ பூவோ கூழாங்கல்லோ வைத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

இதே ஊரின் மற்றொரு முகம் வெந்நீர்க் குளியல். 1541 முதல் 1686 வரை நீடித்த துருக்கிய ஆட்சியில் கட்டிய ருடாஸ் குளியலகத்தின் எண்கோணக் குளமும், 1913-இல் திறக்கப்பட்ட செச்சேனி குளியலகத்தின் திறந்தவெளிக் குளங்களும் மற்ற இரு தலைநகரங்களிலும் இந்த அளவுக்கு அன்றாட வாழ்வின் பகுதியாக இல்லாதவை. செச்சேனிக்குப் போக 1896-இல் திறந்த முதலாம் மெட்ரோ பாதையில் ஏற வேண்டும். ஐரோப்பியக் கண்டத்தின் முதல் சுரங்க ரயில் அது. மஞ்சள் பெட்டிகளும் ஓடு பதித்த சிறு நிலையங்களும் கொண்ட அந்தப் பயணமே ஒரு காட்சி. செச்சேனியில் குளிப்பதற்கு நீச்சலுடை கட்டாயம் என்பதையும், நம்மவர்கள் சிலருக்கு அது கூச்சமாக இருக்கலாம் என்பதையும் முன்பே யோசித்துக்கொள்வது நல்லது. சிறுவர்களுக்கான வயது விதிகளையும் போகுமுன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிராக்கையும் புடாபெஸ்ட்டையும் நேருக்கு நேர் நிறுத்தினால், காலம் எது என்பதைப் பொறுத்தே முடிவு மாறுகிறது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, பகல் நீண்டிருக்கும் மாதங்களில், நடக்கத் தெம்புள்ளவருக்குப் பிராக்கைப் பரிந்துரைப்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. இருபது மணி நேரத்தில் பதினைந்தையாவது வெளியிலேயே, வீணாகாமல் செலவிடலாம். ஒவ்வொரு திருப்பத்திலும் பார்க்க ஏதோ ஒன்று இருக்கும். நகரின் பெரும்பகுதியைப் பார்த்துவிட்டோம் என்ற நிறைவோடு கிளம்பலாம். டிசம்பரிலும் ஜனவரியிலும் நிலைமை தலைகீழ். மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும், உருண்டைக் கற்கள் பதித்த சரிவுத் தெருக்கள் உறைபனியில் வழுக்கும். அப்போது இருட்டிய பிறகே அழகு கூடும் புடாபெஸ்ட் முந்திக்கொள்கிறது. உறைகுளிரில் ஆவி பறக்கும் வெந்நீர்க் குளத்தில் கழுத்தளவு அமிழ்ந்திருப்பதற்குப் பகல் வெளிச்சம் தேவையில்லை. குறைந்த செலவில் பயணம் செய்யும் நண்பர்கள் குழுவுக்கும் அதுவே ஏற்றது.

செலவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், தங்குமிடத்திலும் உணவிலும் வியன்னா மற்ற இரண்டைவிட மேலே நிற்கிறது. புடாபெஸ்ட் பொதுவாக மூன்றிலும் குறைவு. ஆனால் ஹங்கேரிய நாடாளுமன்றத்தைச் சுற்றிப் பார்க்க, ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிமக்கள் அல்லாதவர்களுக்குக் கட்டணம் ஏறத்தாழ இருமடங்கு என்பதை இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆஸ்திரியாவில் மட்டுமே யூரோ. செக் நாட்டில் கொருனா, ஹங்கேரியில் ஃபோரின்ட். பிராக்கின் சுற்றுலாத் தெருக்களில் ‘கமிஷன் இல்லை’ என்று எழுதிவைத்திருக்கும் நாணய மாற்றுக் கடைகளில் பணம் கொடுக்குமுன், கையில் எவ்வளவு வரும் என்று எழுதிக் கேட்பது அவசியம். 2019 முதல், 1,000 யூரோ வரையிலான மாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரத்து செய்ய அந்நாட்டுச் சட்டம் இடமளிக்கிறது. ரசீது இல்லாமல் அது நடக்காது. அட்டையில் செலுத்துவது எல்லாத் தொல்லையையும் தவிர்க்கும்.

சைவ உணவுக்காரர்கள் மூன்று ஊரிலும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை, ஆனால் உள்ளூர் உணவின் பெருமை அவர்களுக்கு எட்டாது. பிராக்கில் ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த பாலாடைக்கட்டியும் உருளைக்கிழங்கும் எந்த மதுக்கூடத்திலும் கிடைக்கும். எடை போட்டு விலை சொல்லும் வட இந்திய சைவ உணவகங்களும் நகரில் உள்ளன. புடாபெஸ்ட்டில் புளிப்புப் பாலேடும் துருவிய பாலாடைக்கட்டியும் மேலே போட்ட லாங்கோஷ் என்னும் பொரித்த ரொட்டி வயிற்றை நிரப்பிவிடும். சூப் கேட்டால் இறைச்சி வேகவைத்த நீரா என்று விசாரித்துக்கொள்ள வேண்டும். பிராக்கின் தெருவெங்கும் கம்பியில் சுற்றிச் சுடும் இனிப்பு ரொட்டியைப் ‘பழைய செக் பலகாரம்’ என்று விற்கிறார்கள்; பழைய செக் மக்கள் அதை அவ்வளவாக அறிந்திருக்கவில்லை.

நான்கு நாட்களில் மூன்று நகரங்களையும் ‘முடித்துவிடலாம்’ என்று திட்டம் போடுபவர்களுக்கு ஒரு சொல். பிராக்கிலிருந்து வியன்னாவுக்கு ரயிலில் ஏறத்தாழ நான்கு மணி நேரம், அங்கிருந்து புடாபெஸ்ட்டுக்கு இரண்டே முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அட்டவணையில் இது எளிதாகத் தெரியும். அறையைக் காலி செய்வது, நிலையத்துக்குப் போவது, இறங்கி அடுத்த விடுதியைக் கண்டுபிடிப்பது எல்லாம் சேர்ந்தால் ஒவ்வோர் இடமாற்றமும் அரை நாளைத் தின்றுவிடும். ஐந்து இரவுகளுக்குமேல் இருந்தால் இரண்டு நகரங்களைச் சேர்க்கலாம். அப்போதும் அருகருகே உள்ள வியன்னாவையும் புடாபெஸ்ட்டையும் சேர்ப்பதே சரி. மூன்று நாடுகளும் ஷெங்கன் பகுதியில் இருப்பதால் ஒரே விசா போதும். எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்கப்போகிறீர்களோ அந்த நாட்டிடமே விண்ணப்பிக்க வேண்டும்.

வார நாட்களைப் பார்க்காமல் விமானச்சீட்டு எடுத்துவிடுவது வழக்கமாக நடப்பது. பிராக்கின் யூத அருங்காட்சியகமும் புடாபெஸ்ட்டின் டோஹானி தெருத் தொழுகைக்கூடமும் சனிக்கிழமைகளில் மூடியிருக்கும். விட்டஸ் பேராலயத்தில் ஞாயிறு காலை திருப்பலி நடப்பதால் சுற்றுலாப் பயணிகளை நண்பகலுக்குப் பிறகே விடுவார்கள். வியன்னாவில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் திறக்காது. அருங்காட்சியகங்கள் பல திங்களன்று விடுமுறை. எனவே பிராக்குக்குப் போகிறவர் வெள்ளி இரவு வந்து ஞாயிறு இரவு திரும்புவதைவிட, வியாழன் காலை முதல் வெள்ளி இரவு வரையிலான இரண்டு நாட்களை எடுத்துக்கொள்வது கணிசமான வேறுபாட்டைத் தரும்.

பிராக்கில் விடுதியைப் பழைய நகரச் சதுக்கத்தை ஒட்டித் தேடாமல், ஆற்றின் மறுகரையில், கோட்டை அடிவாரத்தில் இருக்கும் மாலா ஸ்ட்ரானாவில் தேடுவது நல்லது. இரவில் அமைதியாக இருக்கும். விடியற்காலையில் பாலம் கூப்பிடு தூரத்தில் இருக்கும். ஏற முடியாத நாளில் 22-ஆம் எண் டிராம் கோட்டையின் பின்புறம் வரை கொண்டுபோய் விடும், அங்கிருந்து முழுவதும் இறக்கம்தான்.